நான்காம், ஐந்தாம் வகுப்புக்கு மின்சாரம்: கிட் வாங்கலாமா, பேட்டரி பல்பிலேயே தொடங்கலாமா?

ஒன்றியப்பள்ளி_டீச்சர்

வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பையும் ஐந்தாம் வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாடம் எடுக்கிறேன். முப்பது பிள்ளைகள் வரை வருவார்கள். எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இப்போது வெளிநாட்டில் வேலையில் இருக்கிறார். பள்ளிக்கு அறிவியல் சாமான் வாங்கித் தருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அவராகவே மூன்று கிட்டுகளின் படத்தையும் அனுப்பினார். ஒன்று, பட்டன் மாதிரி அழுத்தி மாட்டுகிற மின்சுற்றுத் துண்டுகள். இன்னொன்று, வாழைப்பழத்தைத் தொட்டால் கணினியில் பியானோ சத்தம் வருமே, அந்த மேக்கி மேக்கி. மூன்றாவது மைக்ரோபிட், கோடிங் பழகுகிற சின்னக் கணினிப் பலகை.

அரசுப் பள்ளிகளுக்கான வானவில் மன்றம் என்ற அறிவியல் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்துதான். ஒன்றிய அரசின் அடல் லேப் என்ற பள்ளி ஆய்வகமும் அப்படியே. மின்னியல் பாடமும் ஆறாவதில்தான் முறையாக வருகிறது. ஆனால் என் பிள்ளைகள் இப்போதே கேட்கிறார்கள். போன வாரம் கரண்ட் போனபோது ஒரு பையன், "கரண்ட் போச்சுன்னா எங்க டீச்சர் போகும்?" என்று கேட்டான். அவனுக்குக் கையில் எதையாவது கொடுத்துப் புரிய வைக்க ஆசை. எதை வாங்கச் சொல்லட்டும்? முப்பது பேரும் தொட வேண்டும். மேசையில் வைத்து நான் மட்டும் செய்து காட்டுகிற சாமான் வேண்டாம்.

பழைய_துளிர்

டீச்சர், மூன்று கிட்டையும் இப்போதைக்கு ஓரமாக வையுங்கள். ஒரு டார்ச் பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரு சாண் வயர் போதும். ஹோல்டர் வேண்டாம், பேட்டரிப் பெட்டி வேண்டாம். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு செட் கொடுத்து, "இதை எரிய வையுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

சாமானைக் கொடுக்கும் முன்பு, எப்படி மாட்டினால் எரியும் என்று ஆளுக்கொரு தாளில் வரையச் சொல்லுங்கள். பாதிப் பேருக்கு மேல் பேட்டரியின் தலையிலிருந்து பல்பின் அடிக்கு ஒரே ஒரு கோடு போடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது. வீட்டில் மிக்ஸிக்கும் டிவிக்கும் ஒரே வயர்தானே போகிறது? அதற்குள்ளே தனித்தனிக் கம்பிகள் ஓடுவதை அவர்கள் எங்கே பார்த்தார்கள்? நியூசிலாந்தில் ராஜர் ஆஸ்போர்ன் என்ற கல்வி ஆய்வாளர் 1980-களில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசி இந்த எண்ணங்களை வகை பிரித்தார். ஒரே வயர் போதும் என்பது ஒன்று. இரண்டு முனையிலிருந்தும் கரண்ட் கிளம்பி பல்பில் மோதிக்கொள்வதால் வெளிச்சம் வருகிறது என்பது இன்னொன்று. சுற்றித்தான் வருகிறது, ஆனால் பல்பு கொஞ்சத்தைத் தின்றுவிட்டு மீதியை அனுப்புகிறது என்பது மூன்றாவது. இந்த மூன்றும் உங்கள் வகுப்பில் இருக்கும், பாருங்கள். அமெரிக்காவில் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு நாளில் அங்கியோடு நின்ற பட்டதாரிகளிடம் பேட்டரி, பல்பு, வயரைக் காட்டிக் கேமரா முன் கேட்டபோது அவர்களிலும் சிலர் தடுமாறினார்கள்.

விஷயம் பல்பின் உடம்பில் இருக்கிறது. அடியில் ஈயப் பொட்டு ஒன்று. பக்கத்தில் மரை போட்ட தகரம். இரண்டுக்கும் நடுவே கறுப்பாக ஒரு வளையம், அதில் கரண்ட் போகாது. லென்ஸ் வைத்துக் கண்ணாடிக்குள்ளே பார்த்தால் இழையின் ஒரு கால் பொட்டுக்கும் மற்றொரு கால் தகரத்துக்கும் இறங்குவது தெரியும். இதைக் கண்டுபிடித்த பிள்ளை, உள்ளே போக ஒரு வழியும் வெளியே வர ஒரு வழியும் வேண்டும் என்பதைத் தானாகவே சொல்லிவிடும். ஒரே வயரை வைத்து எரிய வைக்க நான்கு விதம் இருக்கிறது. பொட்டைப் பேட்டரியின் தலையில் வைக்கலாம், தகரத்தை வைக்கலாம், அதே இரண்டையும் பேட்டரியின் அடியிலும் செய்யலாம். ஒன்று எரிந்ததும் "இன்னும் மூணு இருக்கு" என்று சொல்லுங்கள். வகுப்பே அமைதியாகி வேலையில் இறங்கும்.

அழுத்தி மாட்டும் கிட்டில் பல்பு பிளாஸ்டிக்குக்குள் உட்கார்ந்திருக்கும். வெளியே இரண்டு பட்டன் மட்டும் தெரியும். படத்தைப் பார்த்து மாட்டினால் எரியும். ஏன் எரிந்தது என்பதைப் பிள்ளை பார்க்கவே வாய்ப்பில்லை. பிறகு வாங்கலாம், முதலில் வேண்டாம்.

ரிச்சி_தெரு

துளிர் அண்ணன் சொல்வது சரி. ஆனால் அந்த இழை பல்பு இப்போது கிடைப்பது கஷ்டம். டார்ச் எல்லாம் எல்.இ.டி. ஆகி வருடங்கள் ஆகிவிட்டன. பழைய எலக்ட்ரிக்கல் கடையில் மூலையில் ஒரு டப்பா இருந்தால் உண்டு. கிடைத்தால் மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், 2.5 வோல்ட் என்று போட்டிருக்கும். ஒரு பேட்டரிக்கு மங்கலாக எரியும், இரண்டுக்கு நன்றாக எரியும்.

கிடைக்காவிட்டால் எல்.இ.டி.க்குத் தாவ வேண்டாம். ஒரு பேட்டரி 1.5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி.க்கே சுமார் 1.8 வோல்ட் வேண்டும், வெள்ளைக்கும் நீலத்துக்கும் 3 வோல்ட் பக்கம். அதனால் ஒரு பேட்டரியில் எதுவும் எரியாது. போதாததற்கு ஒரு பக்கமாக மாட்டினால்தான் எரியும், நீளமான கால் பிளஸ்ஸுக்கு. எட்டு வயதுப் பிள்ளைக்கு எரியவில்லை என்றால் வயர் தொடவில்லையா, காலை மாற்றி வைத்தோமா, பேட்டரி போதவில்லையா என்று மூன்று சந்தேகம். முதல் நாளே அவ்வளவு குழப்பம் தேவையில்லை.

பொம்மைக் கார் மோட்டார் வாங்குங்கள். எந்தப் பக்கம் மாட்டினாலும் சுற்றும். ஒரு பேட்டரி போதும். பின்னால் இரண்டு தகர நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும், போக ஒன்று வர ஒன்று என்பது கண்ணுக்கே தெரியும். அச்சில் சின்னக் காகிதக் கொடி ஒட்டிவிட்டால் பேட்டரியைத் திருப்பும்போது கொடி எதிர்ப்பக்கம் சுற்றுவதைப் பார்க்கலாம். கரண்ட் ஓடுவதற்குத் திசை இருக்கிறது என்பதை இதைவிட மலிவாகக் காட்ட முடியாது. எல்.இ.டி.யை அடுத்த வாரம் கொண்டு வாருங்கள். இரண்டு பேட்டரி போட்டு, கூடவே கரண்டைக் குறைக்கிற 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக, அதாவது அதே வழியில் அடுத்தடுத்து வருகிற மாதிரி வையுங்கள். இல்லாவிட்டால் எல்.இ.டி. சீக்கிரம் போய்விடும்.

வடமராட்சி

வணக்கம் டீச்சர். நான் யாழ்ப்பாணத்தில் ஆரம்பப் பிரிவுக்குப் படிப்பிக்கிறேன். எங்களுக்கு இது சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் பாடத்துக்குள் வரும். மோட்டார் யோசனை நல்லது, நானும் அதைத்தான் பாவிக்கிறேன்.

மோட்டார் சுற்றத் தொடங்கியதும் வயரை ஓரிடத்தில் வெட்டி, அந்த இரண்டு நுனியையும் வெவ்வேறு சாமான்களில் தொட்டுப் பார்க்க விடுங்கோ. கரண்டி, சாவி, சில்லறை, அழிறப்பர், தடி என்று தொடங்குவார்கள். இவை சுலபம், பிள்ளைகள் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். சுவாரசியம் வாக்குவாதம் வருகிற சாமானில்தான். பெயின்ற் அடித்த சாவியில் தொட்டால் மோட்டார் சுற்றாது, அதே சாவியின் பல்லில் தொட்டால் சுற்றும். மினுங்குகிற பிஸ்கற் உறை வெள்ளி மாதிரியே இருக்கும், ஆனால் பெரும்பாலும் சுற்றாது, ஏனென்றால் அந்த மெல்லிய உலோகப் பூச்சு பிளாஸ்ரிக் படலங்களுக்கு நடுவில் இருக்கிறது. அலுமினியத் தாள் என்றால் உடனே சுற்றும். மினுங்குகிற எல்லாமே கடத்தும் என்று சொன்ன பிள்ளை அங்கே நின்று யோசிக்கும்.

பென்சில் கரிக்கு மோட்டாரை விட எல்.இ.டி. நல்லது. 6பி பென்சிலால் தடிப்பாக ஒரு கோடு கீறி, 9 வோல்ற் பற்றரியும் எல்.இ.டி.யும் எடுத்து, கோட்டின் மேல் வயரை நகர்த்தினால் தூரம் கூடக்கூட வெளிச்சம் குறையும். கோடு மிகச் சிறியதாகிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கோ, எல்.இ.டி. கருகிப் பழுதாகிவிடும்.

மின்வாரியம்_ஓய்வு

எல்லாரும் நன்றாகச் சொல்கிறீர்கள். நான் லைன் வேலையில் இருந்தவன், ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்.

பள்ளியில் பேட்டரியில் வயரை மாட்டிப் பல்பு எரிய வைத்த பிள்ளை, வீட்டுக்குப் போனதும் பிளக் பாயிண்டைப் பார்க்கும். அங்கேயும் ஓட்டை இருக்கிறது, கையில் வயர் இருக்கிறது. இந்த ஆபத்து கற்பனை இல்லை. அதனால் முதல் வகுப்பின் முதல் ஐந்து நிமிஷம் இதற்குத்தான். சுவரில் வருவது 230 வோல்ட், கையில் இருப்பது 1.5. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொல்லுங்கள், எத்தனை பேட்டரியை வரிசையாக அடுக்கினால் சுவருக்குச் சமம் என்று. 150-க்கு மேல் வரும். பேட்டரியின் நீளத்தை ஸ்கேலால் அளந்து 150-ஆல் பெருக்கச் சொல்லி, வராந்தாவில் அந்த நீளத்துக்குச் சாக்பீஸில் கோடு போடுங்கள். அதன் பிறகு "தொடாதே" என்ற சொல்லுக்கு ஒரு அளவு கிடைக்கும். பேட்டரி, வயர் எதையும் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். வகுப்பு முடிந்ததும் எண்ணி வாங்கி வையுங்கள்.

அப்புறம், வாழைப்பழப் பியானோ. நாலு பிள்ளைகள் கையைக் கோத்து நின்று ஒருத்தர் தொட்டால் சத்தம் வரும். விளையாட்டாக இருக்கும். ஆனால் மனித உடம்பில் கரண்ட் போனால் பாட்டு வரும் என்று பிள்ளை மனதில் பதிந்தால் என்ன செய்வது? எனக்கு அது சரியாகப் படவில்லை.

கோடிங்_அப்பா

ஐயா, உங்கள் கவலை புரிகிறது. ஆனால் மேக்கி மேக்கியை அதற்காகவே வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எம்.ஐ.டி. மீடியா லேபில் இருந்த ஜே சில்வரும் எரிக் ரோசன்பாமும் 2012-ல் வெளியிட்ட பலகை அது. கணினியின் யு.எஸ்.பி.யிலிருந்து 5 வோல்ட்தான் எடுக்கிறது, நடுவே மிகப் பெரிய மின்தடை வைத்திருக்கிறார்கள். உடம்பில் போவது மைக்ரோ ஆம்பியர் அளவுகூட வராது. உலோகம் மட்டும்தான் கடத்தும், நம் உடம்பு கடத்தாது என்று நம்புகிற பிள்ளைதான் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடும். உடம்பும் ஒரு வயர் மாதிரி வேலை செய்கிறது என்பதை ஆபத்தில்லாத இடத்தில் கண்ணால் பார்த்துவிட்டு, "இதனால்தான் சுவரில் இருப்பதைத் தொடக் கூடாது" என்று சொன்னால் அது நிற்கும் அல்லவா?

இன்னொன்று. கணினியில் மின்சுற்று கட்டிப் பார்க்கிற ஃபெட் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, கொலராடோ பல்கலைக்கழகத்துடையது. நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002-ல் தொடங்கிய திட்டம். வயருக்குள் எலக்ட்ரான் நகர்வதைக் காட்டும். பேட்டரி தீராது, பல்பு உடையாது. அது இருக்கும்போது சாமானே தேவையா என்றுகூடத் தோன்றுகிறது.

மைக்ரோபிட்டை நான் சிபாரிசு செய்யவில்லை. பி.பி.சி. 2016-ல் பிரிட்டனில் லட்சக்கணக்கில் இலவசமாகக் கொடுத்ததே ஏழாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு, அதாவது 11, 12 வயதுக்கு. அங்கே தொடக்கப் பள்ளியைத் தாண்டிய வயது அது.

பழைய_துளிர்

தம்பி, மேக்கி மேக்கியைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஐயா சொன்ன சாக்பீஸ் கோட்டுக்குப் பிறகுதான் அது வர வேண்டும்.

சாமானே வேண்டாம் என்பதை மட்டும் ஏற்க முடியாது. பின்லாந்தில் யாக்கோலா, நுர்மி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 10, 11 வயதுப் பிள்ளைகள் 66 பேரை மூன்று குழுவாகப் பிரித்து இதையே சோதித்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியானது. ஒரு குழுவுக்கு மென்பொருள் மட்டும், ஒன்றுக்கு நிஜச் சாமான் மட்டும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும். மூன்றாவது குழுதான் நன்றாகப் புரிந்துகொண்டது.

ஏன் என்பது கையில் எடுத்துப் பார்த்தால் தெரியும். பல்பு கொஞ்சம் கரண்டைத் தின்றுவிடும் என்று நம்புகிற பிள்ளையிடம், இரண்டு பேட்டரிக்கு இரண்டு பல்பைத் தொடராக மாட்டச் சொல்லுங்கள். பேட்டரிக்குப் பக்கத்துப் பல்பு பிரகாசமாக எரியும், அடுத்தது மங்கும் என்று அது முன்கூட்டியே சொல்லும். இரண்டும் சமமாக எரிய வேண்டும். ஆனால் கடைப் பல்பில் ஒன்றுக்கொன்று சின்ன வித்தியாசம் இருக்கும், ஒன்று தூக்கலாக எரியும். "பாத்தீங்களா, நான் சொன்னேன்ல" என்று பிள்ளை குதிக்கும். உடனே மறுக்காதீர்கள். இரண்டு பல்பையும் இடம் மாற்றி மாட்டச் சொல்லுங்கள். வெளிச்சம் பல்போடு சேர்ந்து நகரும், இடத்தோடு நிற்காது. வித்தியாசம் பல்பில் இருக்கிறது என்று அப்போது தெரியும். அதன் பிறகு மென்பொருளில் அச்சு அசலான இரண்டு பல்பைப் போட்டுக் காட்டினால் சந்தேகம் தீரும். வெறும் மென்பொருளில் தொடங்கினால், கணினி அப்படிக் காட்டுகிறது என்று தலையாட்டிவிட்டுப் பழைய எண்ணத்தோடு வீட்டுக்குப் போகும்.

டீச்சர், கரண்ட் எங்கே போகும் என்று கேட்ட பையனுக்கும் இதுதான் விடை. கரண்ட் எங்கேயும் கிளம்பிப் போகவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு பெடலைச் சுற்றச் சொல்லுங்கள். செயின் முழுவதும் ஒன்றாக ஓடும். பெடலைப் பிடித்து நிறுத்தினால் முழுவதும் ஒன்றாக நிற்கும், செயின் அங்கேயேதான் இருக்கும். வயருக்குள் ஓடுவதும் அப்படித்தான், அது எப்போதும் உள்ளேயே இருக்கிறது. தள்ளுவது நின்றால் ஓட்டம் நிற்கிறது. பின்சக்கரம் சுற்றுகிறதே, அதுதான் பல்பு செய்கிற வேலை. செயினின் கண்ணி ஒன்றும் குறையவில்லை என்பதை எண்ணியே பார்க்கலாம்.

மாவுக்கை

இந்த வயதுக்கு மாவுச் சுற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் மினசோட்டாவில் உள்ள செயின்ட் தாமஸ் பல்கலைக்கழகத்தில் ஆன்மேரி தாமஸ் குழுவினர் உருவாக்கியது. இரண்டு விதமான மாவு. உப்பு மாவு கடத்தும், சர்க்கரை மாவு அவ்வளவாகக் கடத்தாது. உப்பு மாவுக்கு ஒன்றரைக் கப் மைதா, ஒரு கப் தண்ணீர், கால் கப் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், தாராளமாக எலுமிச்சைச் சாறு. அடுப்பில் வைத்துச் சப்பாத்தி மாவுப் பதம் வரும்வரை கிளறி ஆறவிட வேண்டும். சர்க்கரை மாவுக்கு மைதா, சர்க்கரை, எண்ணெய், டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதில் கலந்திருக்கும் உப்பே கடத்த ஆரம்பித்துவிடும். பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் கிடைக்கும்.

இரண்டு உருண்டை உப்பு மாவை ஒட்டாமல் வைத்து, நாலு பென் டார்ச் பேட்டரி போட்ட பெட்டியிலிருந்து உருண்டைக்கு ஒரு வயரைச் சொருகி, எல்.இ.டி.யின் ஒரு கால் ஒரு உருண்டையில், மறுகால் மற்றதில். மாவே தடையாக இருப்பதால் ரெசிஸ்டர் வேண்டாம். இரண்டு உருண்டையையும் ஒட்டினால் எல்.இ.டி. அணையும். ஷார்ட் சர்க்யூட் என்பதை இப்படித்தான் என் பிள்ளைகள் புரிந்துகொண்டார்கள், விரலால் மாவை அழுத்தி அழுத்தி அணைத்துப் பார்த்து. நடுவே சர்க்கரை மாவை வைத்து ஒட்டினால் மறுபடி எரியும்.

சர்க்கரை மாவுக்கு எறும்பு வரும், இறுக்கமான டப்பாவில் வையுங்கள். எல்.இ.டி. காலைக் கழுவித் துடைக்காவிட்டால் உப்பு அரித்துவிடும். சாப்பிடுகிற மாவை விளையாடக் கொடுப்பது சில ஊர்களில் மனதுக்கு ஒவ்வாது. அப்படியானால் ஒரே தடவை செய்து, டப்பாவில் வைத்துச் சில நாள் பயன்படுத்துங்கள்.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்

எல்லாருக்கும் நன்றி. சைக்கிள் செயினை நாளைக்கே செய்யப் போகிறேன், தலைமை ஆசிரியர் சைக்கிள் வாசலிலேயே நிற்கும்.

குழந்தைகள் தினத்துக்கு வாழ்த்து அட்டையில் எல்.இ.டி. எரிகிற மாதிரி செய்யலாம் என்று ஒரு யோசனை. காகிதத்தில் அலுமினியத் தாளை ஒட்டி, பட்டன் பேட்டரி வைத்து. ஒரே பேட்டரியில் எரிகிறதே, அது சுலபம் இல்லையா?

வார்டு_நர்ஸ்

டீச்சர், பட்டன் பேட்டரி மட்டும் வேண்டாம். ஐந்து ரூபாய்க் காசு போல இருக்கிற 3 வோல்ட் பேட்டரியைப் பிள்ளை விழுங்கித் தொண்டைக்குழாயில் சிக்கினால், அங்கிருக்கும் ஈரத்தில் கரண்ட் ஓடி இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே திசுவை அரித்துவிடும். பேட்டரி தீர்ந்துபோயிருந்தாலும் இதைச் செய்யும். நான்காம் வகுப்புப் பிள்ளை விழுங்காது என்று நினைக்கலாம். அட்டை வீட்டுக்குப் போகும், வீட்டில் தம்பி தங்கை இருக்கும். யாராவது விழுங்கியதாகச் சந்தேகம் வந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல் உடனே எக்ஸ்ரே வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ரிச்சி_தெரு

நர்ஸம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அட்டை செய்யலாம், பள்ளியிலேயே மாட்டி வையுங்கள். இரண்டு பென் டார்ச் பேட்டரியைப் பெட்டியில் போட்டு அட்டைக்குப் பின்னால் வயர் விட்டால் போதும், ரெசிஸ்டரை மறக்க வேண்டாம். அலுமினியத் தாளை ஒட்டும்போது ஒரு தாள் மேல் இன்னொரு தாள் ஏறுகிற இடத்தில் பசை பட்டால் கடத்தாது. அந்த இடத்தில் பசை தடவாமல் மடித்து, மேலே செல்லோ டேப்பால் அழுத்துங்கள். எல்.இ.டி. காலையும் டேப்பால் அழுத்துங்கள், அலுமினியத்தில் சால்டர் பிடிக்காது.

ஒன்றியப்பள்ளி_டீச்சர்

புரிந்தது, பட்டன் பேட்டரி வாங்கவே மாட்டேன்.

ஊர்க்காரரிடம் இப்படிக் கேட்கப் போகிறேன். இழை பல்பு, எத்தனை கிடைக்கிறதோ அத்தனை. இருவருக்கு ஒன்றாகப் பொம்மை மோட்டார். டார்ச் பேட்டரி, வயர், லென்ஸ். சிவப்பு எல்.இ.டி., 100 ஓம் ரெசிஸ்டர், பேட்டரிப் பெட்டி. மிச்சப் பணத்தில் மேக்கி மேக்கி ஒன்றே ஒன்று, பள்ளியில் ஒரு லேப்டாப் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்குக் கடைசியில் அந்த ஊக்கு மோட்டார் செய்யலாமா? அது அவர்களுக்கு அதிகமா?

பழைய_துளிர்

செய்யலாம் டீச்சர், ஐந்தாம் வகுப்புக்குக் கட்டாயம் செய்யுங்கள். மலிவான சாமானில் அறிவியல் பொம்மை செய்து காட்டும் அரவிந்த் குப்தா ஊர் ஊராகக் கொண்டுபோன மோட்டார் அது. பெரிய டார்ச் பேட்டரியின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊக்கை வைத்து, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்க வேண்டும். பேட்டரியின் முதுகில் ஒரு காந்தம். வைண்டிங் கம்பியைப் பேட்டரி மேலேயே பத்துச் சுற்றுப் போல சுற்றிக் கழற்றி, இரண்டு நுனியையும் நேராக நீட்டி ஊக்கின் கண்ணில் மாட்டினால் சுருள் தொங்கும். கம்பி மேல் எனாமல் பூச்சு இருக்கும். ஒரு நுனியை உப்புத்தாளால் முழுவதும் தேய்த்துவிடுங்கள். மற்ற நுனியை மேசையில் வைத்து மேல்பக்கம் பாதி மட்டும் தேய்க்க வேண்டும். ஓடவில்லை என்றால் அநேகமாகக் கோளாறு இந்த நுனியில்தான். முழுவதும் தேய்த்துவிட்டால் சுருள் ஆடிவிட்டு நின்றுவிடும், பாதிச் சுற்றில் கரண்ட் நின்றால்தான் அது தொடர்ந்து சுற்றும்.

சுருளில் தடையே இல்லாத மாதிரிதான், அதனால் சுற்றாமல் நிற்கும்போது பேட்டரி சூடாகும். சுட்டால் சுருளைக் கழற்றிவிடு என்று முதலிலேயே சொல்லுங்கள். எல்லாச் சோதனைக்கும் சாதாரண மலிவு டார்ச் பேட்டரியே போதும். ஆல்கலைன், ரீசார்ஜ் பேட்டரி, பவர் பேங்க், செல்போன் பேட்டரி எதையும் வகுப்புக்குள் கொண்டுவர வேண்டாம். ஷார்ட் ஆனால் மலிவு பேட்டரியில் வயர் வெதுவெதுப்பாகும். மற்றவற்றில் கையைச் சுட்டுவிடும், லித்தியம் என்றால் தீயே பிடிக்கலாம்.

முந்தின நாள் மாலையே வயர் நுனிகளை உரித்து முறுக்கி வைத்துவிடுங்கள். முப்பது பேரும் ஒரே நேரத்தில் "டீச்சர், வயர் பிரிஞ்சிடுச்சு" என்று வந்து நின்றால் அந்த மணி நேரம் அதிலேயே போய்விடும்.